ஒரு நாடு வாசலில் நிற்கிறது

தொலைபேசி மணி அடித்தபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே ஓடி, மூக்கை உறிஞ்சி, தொண்டையைச் செருமி, "வணக்கம், தூதரகம்" என்றாள். அது அவளுடைய வீட்டுக் குரல் இல்லை. இந்த ஊருக்கு வந்த பதினோரு வருடங்களில் பழக்கிக்கொண்ட அலுவலகக் குரல். நாலாம் மாடி வீட்டில் தெருவைப் பார்த்த பெரிய அறைதான் தூதரகம். நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் கட்டில், அடுப்பு, காயப்போட்ட துணி. "சட்டப்படி பாத்தா அடுப்படியும் நம்ம நாடுதான்" என்று அவள் கணவர் சொல்வார். "அப்ப நம்ம நாட்டுல பாத்திரம் தேய்க்க ஒரு ஆளு போடுங்க" என்பாள் அவள். அவர் தூதர். செயலாளர், தட்டச்சர், விசா முத்திரை குத்துபவர், தேசியக் கொடியைத் துவைத்து இஸ்திரி போடுபவர், எல்லாம் அவள்தான்.

"தூதர் இருக்காரான்னு பாக்கறேன், கொஞ்சம் காத்திருங்க" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுத் திரையை விலக்கினாள். தூதர் பனியனோடு உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, போன். அமைச்சகம்."

அவர் எழுந்தார்.

"ஓடாதீங்க. ரெண்டு மூணு ரூம் தாண்டி வர்ற மாதிரி இருக்கட்டும்."

அமைச்சகம் என்றால் இந்த ஊர் வெளியுறவு அமைச்சகம். அங்கிருந்து அழைப்பு வந்தால் 'வாருங்கள்' என்று பொருள். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போவார். மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் ஒரு சோபா உண்டு. அதன் ஒரு பக்கம் அவர் உட்கார்ந்து உட்கார்ந்தே பள்ளமாகிவிட்டது. பெரிய நாட்டுத் தூதர்கள் வந்தால் கதவு தானாகத் திறக்கும். அவருக்குத் திறக்க மதியம் ஆகிவிடும். இது தெரிந்ததால், அவர் பேசிவிட்டு ரிசீவரை வைத்த விதத்தைப் பார்த்து அவளுக்குக் கவலையாகிவிட்டது.

"எப்ப வரச் சொல்றாங்க?"

"என்னைக் கூப்பிடல. அவங்க வர்றாங்களாம். இங்க."

அவள் முதலில் பார்த்தது கொடியில் தொங்கிய துணிகளைத்தான்.

வந்தவர் ப்ரோட்டோகால் தலைவர். அரசு விழாக்களில் யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாருக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத கோட்டு, மாடிப்படி ஏறி வந்ததில் நெற்றியில் வியர்வை. அவள் தேநீரை வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். திரை பேச்சை மறைக்காது என்பது எல்லோருக்குமே தெரியும்.

அவர் ஊர் வெயிலைப் பற்றிப் பேசினார். லிஃப்ட் இல்லாததைப் பற்றிப் பேசினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். தூதர்களில் மூத்தவராக இருந்தவர் பக்கவாதம் வந்து சொந்த நாட்டுக்குத் திரும்புகிறார். ஆண்டுத் தொடக்க விழாவில் இந்நாட்டுக் குடியரசுத் தலைவர் எல்லாத் தூதர்களையும் வரவேற்பார். மூத்தவர்தான் வரிசையின் முதலில் நிற்க வேண்டும். எல்லா நாடுகளின் சார்பாகவும் வாழ்த்துரை சொல்ல வேண்டும்.

"மூப்புன்னா வயசு இல்ல, பதவி இல்ல, நாட்டோட பரப்பளவும் இல்ல. யார் முதல்ல இந்த ஊருக்கு வந்து பதவி ஏத்துக்கிட்டாங்களோ அவங்கதான். அது உங்களுக்கே தெரியும் சார். பட்டியல்ல அடுத்தது நீங்க."

தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மேலே தொடர்ந்தார்.

"உங்களுக்கு அடுத்து வந்தவரு..." என்று அந்தப் பெரிய நாட்டின் பெயரைச் சொல்லாமல் கையை மட்டும் அகலமாக விரித்துக் காட்டினார். "அவரு உங்களுக்கு எட்டு மாசம் பின்னாடி. இந்த வருஷம் அவங்களோட நிறைய ஒப்பந்தம் இருக்கு. அவரு உங்க முதுகுக்குப் பின்னாடி நிக்கிற போட்டோ வந்தா கொஞ்சம் சங்கடம். உடம்பு சரியில்ல, விழாவுக்கு வர முடியலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். யாருக்கும் மனஸ்தாபம் இல்லாம முடிஞ்சிடும்."

"அவங்க உங்ககிட்ட கேட்டாங்களா?"

"இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார். நாமதான் புரிஞ்சுக்கணும்."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றார் அவள் கணவர். குரலில் கோபமே இல்லை. யாரோ நலம் விசாரித்ததற்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்."

அவர் இப்படித்தான். குட்டையான, ஒல்லியான மனிதர். விருந்துகளில் தூண் ஓரமாக நிற்பார். நாளிதழ் படங்களில் அவருடைய பாதித் தோள் மட்டும் விழும், அதைக்கூட வெட்டிவிடுவார்கள். அவள் புலம்பினால், "ஓரத்துல நின்னா கதவு பக்கம். சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம்" என்பார். ஆனால் அவர் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. அதை அவள் ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறாள்.

அவர்கள் வந்த இரண்டாவது வருடம். அவர்கள் நாட்டுக் கொடியோடு வந்த சரக்குக் கப்பலொன்றை இந்த ஊர்த் துறைமுகத்தில் பிடித்துவைத்தார்கள். முதலாளி ஓடிவிட்டான். மாலுமிகளைத் தடுப்புக் காவலில் அடைத்துவிட்டார்கள். அவர்களைப் பார்க்க அனுமதி கேட்டு இவர் எழுதிய எதற்கும் பதில் இல்லை. ஒரு நாள் காலை கோட்டை மாட்டிக்கொண்டு காவல் விடுதி வாசலுக்குப் போய் நின்றுவிட்டார். மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவளும் போனாள். வாசற்காவலன், "யாருய்யா நீ, உள்ள இருக்கறவனுக்குச் சொந்தமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சொந்தம்தான். ஒரு நாடு வாசல்ல நிக்குதுன்னு உள்ள போய்ச் சொல்லுங்க" என்றார் இவர்.

காவலன் சிரித்துவிட்டான். ஆனாலும் உள்ளே போய்ச் சொன்னான். யாரும் வரவில்லை. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். மழை பிடித்துக்கொண்டது. காவலனே மனமிரங்கி, உள்ளே வந்து பெஞ்சில் உட்காருங்கள் என்றான். இவர் மறுத்துவிட்டார். "உக்காந்தா மனு குடுக்க வந்தவனாயிடுவேன்" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். குடையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வாரக் கடைசியில் விடுதித் தலைமை அதிகாரியே வெளியே வந்து, ஈரம் சொட்டச் சொட்ட நின்றவரைக் கைகுலுக்கி அழைத்துப்போனார். கல்யாணமாகி அத்தனை வருடங்களுக்குப் பிறகு தன் கணவரை முதன்முதலாக ஏறிட்டுப் பார்ப்பதுபோல் அன்று அவளுக்கு இருந்தது. மாலுமிகள் ஊர் திரும்பியபோது அவர்களில் ஒருவன் இவரிடம், "நம்ம நாடு இவ்வளவு ஒல்லியா இருக்கும்னு நெனைக்கல சார்" என்றான்.

இப்போதும் அவர் சொல்லப்போகும் பதில் தனக்குத் தெரியும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் இரண்டு நாள் கழித்து அவர்களுடைய சொந்த நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் வெளியுறவு அமைச்சர். விடுதலை கிடைத்த வருடம் இவரோடு ஒரே அறையில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்தவர். நல்ல மனிதர்தான். லைன் இரைச்சலாக இருந்ததால் இருவருமே கத்திப் பேசினார்கள். அவள் ஒட்டுக்கேட்க வேண்டியிருக்கவில்லை. துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்ட அந்தப் பெரிய நாட்டின் பொறியாளர்கள் வந்து அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் எதற்கு வம்பு. விழாவுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடு. ஆலோசகர் பதவி தயாராக இருக்கிறது.

"உன்னை நான் கூப்பிடலப்பா. நீயா வந்தா நல்லது. பெரிய மச்சினிக்கும் கண்ணு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்."

அமைச்சர் சொன்னது அவளுடைய அக்காவை. ஊரில் இவர்கள் வீட்டில் தனியாக இருப்பவள். தாயில்லாத தங்கையை இடுப்பில் வைத்து வளர்த்தவள். ஒன்றரை வருடமாக அவளுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து மங்கிக்கொண்டே வந்தது. இப்போது சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம் மட்டும் தெரிகிறது. "அதுவும் மூடறதுக்குள்ள ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிடுடி" என்று போன மாதம் சொன்னாள். ஊருக்குப் போய்வர அரசாங்கம் நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் பயணச்சீட்டுத் தரும். அந்த முறை வர இன்னும் நாள் இருந்தது.

ரிசீவரை வைத்துவிட்டு அவர் திரையை விலக்கினார்.

"போலாம்மா. பெட்டியை எடு" என்றார்.

"அந்த விழா?"

"ஒரு நாள் கூத்து. அதுக்காக உங்க அக்காவைக் காக்க வைக்கிறதா?"

அவளுக்குச் சந்தோஷம் நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. பரண்மேல் கிடந்த பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினாள். தன் துணிகளை எடுத்துவைத்தாள். அவருடைய நீலக் கோட்டை எடுக்கப் போனபோதுதான் கவனித்தாள், அவர் அலுவலக அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கோப்பு ஏதும் முன்னால் இல்லை. கை இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, மூன்றாவது மாடித் தாழ்வாரத்துச் சோபாவில் காத்திருப்பவரைப்போலக் காத்திருந்தார். இந்த வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் சின்ன நாடுகளின் தூதர்கள். விருந்துகளில் இவரோடு தூண் ஓரம் நிற்பவர்கள். தங்களைத் தாங்களே தூண் சங்கம் என்று சொல்லிக்கொள்வார்கள். நாற்காலி போதாததால் ஒருவர் விசா விண்ணப்பப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அவர்களில் வயதான அம்மாள் ஒருத்தி, கடலே இல்லாத மலை நாட்டிலிருந்து வந்தவள், சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க போறதுக்குக் காரணம் கேக்க வரல. அது உங்க வீட்டு விஷயம். ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு காலத்துல எவன் ராஜா பெரிய ராஜாவோ அவன் தூதன்தான் முன்னால போவான். யார் வண்டி முதல்ல போறதுன்னு வண்டிக்காரங்க நடுத்தெருவுல கத்தியால குத்திக்கிட்டுச் செத்திருக்காங்க. அப்புறம்தான் புத்தி வந்து, இருநூறு வருஷத்துக்கு முன்னால ஒக்காந்து பேசி, முதல்ல வந்தவன் முதல்ல நிக்கட்டும்னு முடிவு பண்ணாங்க. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி."

"அப்பவும் சின்ன நாடுங்களக் கேட்டா முடிவு பண்ணாங்க? பெரியவங்க அடிச்சுக்காம இருக்கறதுக்காகப் போட்டது" என்றார் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவர்.

"யாருக்காகப் போட்டா என்ன, நமக்கும் நிழல் விழுதுல்ல?" அந்த அம்மாள் இவர் பக்கம் திரும்பினாள். "ஓட்டுல நாம எல்லாம் சமம்னு சொல்றாங்க. ஓட்டுக்கு முந்தின நாள் யார் யாரை எந்த அறைக்குக் கூப்பிட்டுப் பேசறாங்கன்னு நமக்குத் தெரியும். இந்த ஒரு வரிசையிலதான் நீ எவ்வளவு பெருசுன்னு யாரும் கேக்கறதில்ல. அதையும் நாமளே உடம்பு சரியில்லன்னு சொல்லி விட்டுட்டா, அடுத்த வருஷம் என்னைக் கேப்பாங்க. எனக்கு நெஜமாவே உடம்பு சரியில்ல, சட்டுனு ஒத்துப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவரும் சிரித்தார். போகும்போது அந்த அம்மாள் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் இவள் தோளைத் தட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து நாலு மாடியும் இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அமைச்சர் சொன்னது, மலை நாட்டு அம்மாள் சொன்னது, அவர் இருட்டில் உட்கார்ந்திருந்தது, எல்லாம்.

"இப்ப என்ன, நீ வரலன்னா பரவாயில்லன்னு நான் சொல்லணுமா?" என்றாள் அக்கா. "சொல்ல மாட்டேன். எனக்குப் பரவாயில்லாம இல்ல."

"அக்கா..."

"அவரு என்ன சொல்றாரு?"

"எனக்காகத்தான் கெளம்பறாரு. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு."

"அந்த மனுஷன் என்னிக்குச் சொல்லிச்சு." அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் அக்கா எதையும் தடவித் தடவித்தான் எடுக்கிறாள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. "எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்லித்தானே அன்னிக்குக் கொடி ஏத்துனாங்க. நானும் தெருவுல நின்னு கத்துனேன். வளை வந்தாச்சு. இப்ப பூனை வருதுன்னா வளைய விட்டுட்டு வர்றதா?"

அவள் போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கேட்டா கேட்டதுக்குப் பதில் சொல்லு. அவரு பேசறது நம்ம ரேடியோவுல வருமா?"

"வரும்னு நெனைக்கிறேன்."

"எத்தனை மணிக்குன்னு கேட்டுச் சொல்லு. பக்கத்து வீட்டுப் பையன வெச்சுத் திருப்பிக்கறேன். எனக்குக் கண்ணுதான் போகுது, காது இருக்கு" என்றுவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள். வழக்கமாகச் சொல்லும் 'உடம்பைப் பாத்துக்கோ' அன்று வரவில்லை.

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பெட்டியில் இருந்த தன் துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அவர் கதவருகே வந்து நின்று பார்த்தார்.

"என்ன பண்றே?"

"நீங்க போய் முன்னால நில்லுங்க."

"பேருக்கு ஆசைப்பட்டுத்தான் நின்னான்னு சொல்லுவாங்கம்மா."

"சொல்லட்டும். சாமி வாயக் குடுத்தது எதுக்கு? துறைமுகச் சுவரு கட்டணும்னா கட்டட்டும், அதுக்கும் நீங்க எங்க நிக்கறீங்கங்கறதுக்கும் என்ன சம்பந்தம்னு அவங்க வாயாலயே சொல்லட்டும்."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய் இரண்டு அழைப்புகள் பேசினார். முதலாவது ப்ரோட்டோகால் தலைவருக்கு. "விழாவுக்கு வர்றேன். உடம்பு நல்லா இருக்கு" என்பதோடு முடிந்தது. இரண்டாவது சொந்த நாட்டு அமைச்சருக்கு.

"நான் அரசாங்கத்தோட ஆளு. திரும்பி வான்னு ஆணை போட்டா அன்னிக்கே கெளம்பிடுவேன். நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. ஆனா என் நாடு என்னைக் கூப்பிட்டதுன்னு அதுல இருக்கணும். நானா வந்தேன்னு இருக்கக்கூடாது."

"நீ மாறவே இல்லடா" என்று அமைச்சர் சொன்னது திட்டா பாராட்டா என்று அவளுக்கு விளங்கவில்லை.

விழா வரைக்கும் அவள் ஒவ்வொரு நாளும் திரும்பி வரச் சொல்லும் தந்திக்காகக் காத்திருந்தாள். கதவு தட்டப்படும்போதெல்லாம் ஓடிப்போய்த் திறந்தாள். வந்துவிட்டால் அக்காவைப் பார்க்கலாம். வராவிட்டால் இவர் முன்னால் நிற்பார். எதற்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் கோட்டின் தளர்ந்த பித்தான்களை இறுக்கித் தைத்தாள். விழா நாள் காலையிலும் ஆணை வரவில்லை.

மாளிகையின் பெரிய மண்டபத்தில் தூதர்களின் மனைவிமாருக்கும் கணவன்மாருக்கும் மேலே தனி மாடம். அங்கிருந்து பார்த்தபோது அவர் இன்னும் குட்டையாகத் தெரிந்தார். வரிசை அவரிடமிருந்து தொடங்கிச் சுவரோரமாக வளைந்து போனது. அவருக்குப் பின்னால் அந்தப் பெரிய நாட்டுத் தூதர், ஆறடிக்கு மேல் உயரம். அந்த மனிதர் குனிந்து இவர் காதில் ஏதோ சொன்னதையும் இவர் சிரித்ததையும் அவள் பார்த்தாள். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டபோது, "'உங்க பின்னால நிக்கறது சௌகரியம், பேச்சு எழுதற வேலை மிச்சம்'னு சொன்னாரு" என்றார். "அப்ப அவருக்கு வருத்தமே இல்லையா? இத்தனை பாடும் யாருக்காக?" என்றாள் அவள். அவருக்கும் தெரியவில்லை. அந்த மனிதருக்கு உண்மையிலேயே இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லாமலிருந்திருக்கலாம். அல்லது நாகரிகம் தெரிந்தவராக இருக்கலாம்.

கட்டியக்காரர் கோலைத் தட்டி அவர்கள் நாட்டின் பெயரைச் சொன்னார். பெயரை இவ்வளவு உரக்க, இவ்வளவு உயரமான கூரையின் கீழ் அவள் கேட்டதே இல்லை. கூரைவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. அவர் நடந்தார். அவசரம் இல்லை, மிடுக்கும் இல்லை. அன்றைக்கு மழையில் எப்படி நின்றாரோ அப்படியே நடந்தார். பேச்சு சின்னது. இந்த வருடம் எந்த நாட்டின் வாசலிலும் எந்த நாடும் காத்து நிற்க நேராதிருக்கட்டும் என்று ஓரிடத்தில் வந்தது. வரிசையின் நடுவில் மலை நாட்டு அம்மாள் கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டினாள். கை வழுக்கியதா, வேண்டுமென்றே தட்டினாளா என்று யாருக்கும் தெரியாது. மாடத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்த நேரம் கேட்டுக்கொண்டிருந்தது அவர் பேச்சை இல்லை. எங்கோ ஒரு சமையலறையில் ரேடியோவின் கரகரப்புக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் மூச்சை.

எல்லாம் முடிந்து படிக்கட்டுக்கு வந்தபோதுதான் அவர்களுக்கு உறைத்தது, வண்டிகளையும் அதே வரிசையில்தான் அழைப்பார்கள். தூதரகத்துக்கு வண்டி கிடையாது. காலையில் தெருமுனையில் பிடித்த வாடகைக் காரை, திரும்பவும் வேண்டும் என்று சொல்லிக் காத்திருக்க வைத்திருந்தார்கள். காவலர்கள் அதை மரத்தடியில் குப்பைத்தொட்டிக்குப் பக்கமாக ஒதுக்கியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் முதல் பெயர் ஒலித்ததும், கொடி வைத்த கறுப்பு வண்டிகளைச் சுற்றிக்கொண்டு, ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருந்த அந்தக் கார் மெதுவாக வந்து படியருகே நின்றது. காவலர்கள் விறைத்து சல்யூட் அடித்தார்கள். ஓட்டுநர் திகைத்துப்போய்த் தானும் ஒரு சல்யூட் அடித்தார்.

"சார், அந்தக் கதவு வெளிய இருந்து தெறக்காது. இருங்க, நானே உள்ள இருந்து தெறக்கறேன்."

அவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். வண்டி இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினார். மறுபடி இருமல். அவள் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வளைந்து போகும் பாதை முழுக்கக் கறுப்பு வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக, சின்னச் சின்னக் கொடிகள் காற்றில் படபடக்க நின்றுகொண்டிருந்தன.

"பதறாதீங்க தம்பி, மெதுவாப் பாருங்க" என்றார் தூதர்.

ஓட்டுநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை சாவியில் கை வைத்தார். பின்னால் ஒரு வண்டிகூட ஹாரன் அடிக்கவில்லை.